மாத்திரை வேண்டாம், நாள் எண்ணினால் போதுமா?

கருத்தடை மாத்திரை பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் கேட்கின்றன. ஹார்மோன் வேண்டாம், வீட்டிலேயே நாள் பார்த்து, உடம்பைக் கவனித்துச் சமாளிக்க முடியுமா? சிலரால் முடியும், பலரால் முடியாது. யாரால் முடியும் என்பதுதான் விஷயம், அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

*எனக்கு 28 வயது. இரண்டரை வயதில் பையன் இருக்கிறான். மாத்திரை போட்டால் தலைவலியும் எரிச்சலும் வருகிறது என்று நிறுத்திவிட்டேன். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறாள். பச்சை நாள், சிவப்பு நாள் என்று அதுவே சொல்லிவிடுமாம். எனக்கு 27 நாளிலிருந்து 31 நாளுக்குள் பீரியட்ஸ் வந்துவிடும். நம்பி இறங்கலாமா டாக்டர்?*
*— வாசகி, திருப்பூர்*

முதலில் அந்தத் தலைவலி. கண்முன் வெளிச்சம் வெட்டுவது போலத் தெரிந்துவிட்டு, அப்புறம் மண்டையைப் பிளக்கிற ரகமாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை நீங்கள் திரும்பத் தொடவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஆப்புக்கு வருவோம். நாத்தனார் வைத்திருப்பது எந்த வகை என்று கேளுங்கள். போனில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போன மாதங்களின் தேதிகளை வைத்துச் சராசரி போட்டு, அடுத்த பீரியட்ஸ் எப்போது வரும் என்று ஊகம் சொல்பவை, அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது நாப்கின் எடுத்து வைப்பதா வேண்டாமா என்று பார்க்க அது போதும், கருத்தடைக்குப் போதாது. இன்னொரு வகை தினமும் காலையில் உடம்பின் வெப்பத்தை அளந்து போடச் சொல்லும். பச்சை, சிவப்பு என்று நம்பிப் பேசுவதாக இருந்தால் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். சினைப்பையிலிருந்து வெளியே வந்த முட்டை அதிகபட்சம் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு அப்படி இல்லை, சூழல் தோதாக இருந்தால் பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக ஒரு மாதத்தில் கரு உருவாக வாய்ப்புள்ள நாட்கள் மொத்தமே ஆறுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த ஆறு எந்த ஆறு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில்தான் எல்லாச் சிக்கலும். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால். போன பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து 14-ஆம் நாள் என்று நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருப்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். 1920-களில் ஜப்பானில் ஒகினோ என்ற டாக்டரும் ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்ற டாக்டரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது அந்த இரண்டு வாரக் கணக்கைத்தான். காய்ச்சல், தூக்கமின்மை, ராத்திரி ஷிஃப்ட், வீட்டில் ஒரு துக்கம் என்று ஏதாவது நடந்தால் முட்டை வருவது தள்ளிப்போகும், அதோடு பீரியட்ஸும் தள்ளிப்போகும். போன மாதத் தேதிக்கு இந்த மாதக் காய்ச்சல் எப்படித் தெரியும்?

அதனால் தேதியை மட்டும் நம்பாமல் உடம்பு காட்டும் அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கியமானவை இரண்டு. ஒன்று வெப்பம். முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் உடம்பின் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடும், குறைந்தது 0.2 டிகிரி செல்சியஸ், நமக்குப் பழக்கமான ஃபாரன்ஹீட்டில் அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்ன ஏற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், காபி குடிக்காமல், யாரோடும் சண்டை ஆரம்பிக்காமல் நாக்குக்கு அடியில் வைத்து அளக்கச் சொல்கிறோம். அதற்கு முன் மூன்று மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க வேண்டும். செல்சியஸில் ஒரே ஒரு தசமம் காட்டும் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. இரண்டு தசமம் காட்டுவது ஆன்லைனில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள், நடுவில் மாற்றாதீர்கள். முந்தைய ஆறு நாள் அளவுகளைவிட உயரமாகத் தொடர்ந்து மூன்று நாள் வந்தால், முட்டை வந்து போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து அடுத்த பீரியட்ஸ் வரை பாதுகாப்பு. வெப்பம் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வரப்போவதைச் சொல்வது இரண்டாவது அடையாளம், வெள்ளைப்படுதல். நம் ஊரில் வெள்ளை பட்டாலே உடம்பு உருகிப் போகிறது, எலும்பு கரைகிறது என்று ஒரு பயம் இருக்கிறது, அதற்கு லேகியம் விற்றே வீடு கட்டியவர்கள் உண்டு. அரிப்பு, நாற்றம், தயிர் திரிந்தது போலக் கட்டி என்று இருந்தால் தொற்று, டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி மாதா மாதம் மாறிக்கொண்டே இருக்கும் கசிவு இயல்பானது. பீரியட்ஸ் முடிந்து சில நாள் வறண்டிருக்கும், அப்புறம் பிசுபிசுவென்று கொஞ்சம், முட்டை வரும் நேரம் நெருங்க நெருங்க வழவழவென்று, இரண்டு விரலுக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற டாக்டர் தம்பதி ஒரு முறையாகவே கற்றுக்கொடுத்தது இதைத்தான். ஈரம் தட்டுப்பட்ட அன்றே சிவப்பு நாள் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பு கடைசியாகத் தெரிந்த நாளுக்குப் பிறகு மூன்று நாள் கழிய வேண்டும், வெப்பமும் மூன்று நாள் உயர்ந்திருக்க வேண்டும், இதில் எது பிந்தி முடிகிறதோ அதுதான் கணக்கு.

இரண்டையும் சேர்த்து, முறையாகக் கற்றுக்கொண்டு, ஒரு நாளும் ஏமாற்றாமல் செய்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவர்கூடக் கர்ப்பமாகவில்லை என்று 2007-இல் வந்த ஜெர்மன் ஆய்வு காட்டியது. சந்தோஷப்படுவதற்கு முன் இன்னொரு எண்ணையும் கேளுங்கள். நாள் பார்க்கும் முறைகளை எல்லாம் சேர்த்து, சாதாரணமாக நாம் எல்லோரும் செய்வது போல மறந்தும் தூங்கியும் செய்தால் நூற்றில் 2 முதல் 23 பேர் வரை ஒரு வருடத்தில் கர்ப்பமாகிறார்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கு. ஆணுறைக்கு அதே கணக்கில் 13, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டிக்கு 1-க்கும் கீழே.

ஸ்வீடனில் நேச்சுரல் சைக்கிள்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது, வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடுவது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் கருத்தடைச் சாதனமாகவே அதற்கு அனுமதி கொடுத்தது. அதே வருடம் ஸ்டாக்ஹோமில் ஒரு மருத்துவமனையில் நான்கு மாதத்தில் கருக்கலைப்புக்கு வந்த 668 பெண்களில் 37 பேர் அந்த ஆப்பை நம்பி இருந்தவர்கள் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. விசாரித்த ஸ்வீடன் அரசு, அந்த நிறுவனமே ஒப்புக்கொண்ட தோல்வி விகிதத்துக்கு உள்ளேதான் இது இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மருத்துவமனை சொன்னதும் அரசு சொன்னதும் இரண்டுமே உண்மைதான். சாதாரணப் பயன்பாட்டில் நூற்றில் 7 பேர் கர்ப்பமாவார்கள் என்றால், லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும்போது ஏழு ஏழாகச் சேர்ந்து ஒரு கூட்டமே வரத்தான் செய்யும். விளம்பரத்தில் 93 சதவீதம் பலன் என்று போட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, மீதி 7 யார் என்பதுதான் தெரிவதில்லை. பிரிட்டனில் "மிகத் துல்லியம்" என்று போட்ட ஃபேஸ்புக் விளம்பரத்தை அந்த வருடமே நிறுத்தவும் வைத்தார்கள்.

உங்களுக்கு என்ன சொல்வது? சுழற்சி ஒழுங்காக இருக்கிறது, பையன் இரவில் எழுப்பாத வயதுக்கு வந்துவிட்டான், இரண்டும் சாதகம். முதல் மூன்று மாதம் ஆணுறையோடு இருந்துகொண்டு, சும்மா எழுதி மட்டும் பழகுங்கள். ஆறு மாதத் தேதி கையில் இருந்தால் பழைய கணக்கையும் ஒரு வேலியாக வைத்துக்கொள்ளலாம். குறைந்த சுழற்சியான 27-இல் 18 போனால் 9, நீண்ட சுழற்சியான 31-இல் 11 போனால் 20, ஆக 9-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை எந்த ஆப் பச்சை காட்டினாலும் நம்ப வேண்டாம். அதற்கு முன்பே ஈரம் தெரிந்தால் அன்றிலிருந்தே எச்சரிக்கை. கடைசியாக ஒரு கேள்வி, பதிலை எனக்கு எழுத வேண்டாம், வீட்டுக்காரரோடு பேசுங்கள். அடுத்த வருடம் தவறிப்போய் இன்னொரு குழந்தை நின்றுவிட்டால் "சரி, வரட்டும்" என்று இருவரும் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் இந்த முறை உங்களுக்குத் தோதானது. "ஐயோ" என்று தோன்றினால் காப்பர்-டி போட்டுக்கொள்ளுங்கள், அதிலும் ஹார்மோன் கிடையாது, அரசு மருத்துவமனையில் இலவசம், 380ஏ என்ற வகை 10 வருடம் தாங்கும். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கலாம்.

*பீரியட்ஸ் முடிந்ததும் ஒரு வாரம் சேஃப் என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மனைவிக்கு 24, 25 நாளில் வந்துவிடும். உண்மையா?*
*— வாசகர், ஓசூர்*

தம்பி, நண்பர்களின் மனைவிகளுக்கு எத்தனை நாள் சுழற்சி என்று நண்பர்களுக்கே தெரியாது. 24 நாள் என்றால் முட்டை சுமார் 10-ஆம் நாள் வரும். உதிரம் 5-ஆம் நாள் நிற்கிறது, நீங்கள் 6-ஆம் நாள் சேர்கிறீர்கள், விந்தணு 5 நாள் காத்திருக்கும், 10-ஆம் நாள் முட்டை வருகிறது. மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு குறைந்த சுழற்சியில் முன் பாதியில் பாதுகாப்பான நாள் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

*முட்டை வரும் நாளைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு கோடு வந்தால் மட்டும் விலகி இருந்தால் போதும்தானே? எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு, சில சமயம் 50 நாள்கூட ஆகும்.*
*— வாசகி, நாகர்கோவில்*

போதாது. அந்தக் குச்சி, முட்டையை வெளிவரச் செய்யும் எல்எச் என்ற ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைப் பார்க்கிறது, அது ஏறி ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வந்துவிடும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அந்த நேரம் பொன்னானது, அவர்களுக்காகச் செய்ததுதான் அது. வேண்டாம் என்பவர்களுக்கோ நேற்றும் முந்தாநாளும் சேர்ந்ததற்கு இன்று கோடு தெரிந்து என்ன ஆகப்போகிறது, மழை கொட்ட ஆரம்பித்த பிறகு மாடிக்குத் துணி எடுக்க ஓடுகிற கதைதான். உங்களுக்குக் கூடுதல் சிக்கல் என்னவென்றால், பிசிஓடி உள்ளவர்களில் எல்எச் எப்போதுமே சற்று ஏறியிருக்கலாம், முட்டை வராமலே இரண்டு கோடு வரும். 50 நாள் சுழற்சியில் நாள் பார்க்கும் முறை எதுவும் வேண்டாம். பிசிஓடிக்கு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை தந்தால் அது வெறும் கருத்தடைக்காக மட்டும் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*நான் ஓய்வுபெற்ற நர்ஸ். அந்தக் காலத்தில் மைசூர் பக்கம் பெண்களுக்கு மணிமாலை கொடுத்து நாள் எண்ணச் சொன்னார்கள் என்று சீனியர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிஜமாகவே நடந்ததா?*
*— வாசகி, சேலம்*

நடந்தது அக்கா. அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியோடு இருந்தவர், செயற்கைக் கருத்தடை அவருக்கு ஒப்பவில்லை. அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார நிறுவனம் 1951-இல் ஆப்ரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டரை அனுப்பியது. டெல்லி லோதி காலனியிலும், பெங்களூர்–மைசூர் சாலையில் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர்போன ராமநகரத்திலும் சோதனை. படிக்காத பெண்களும் எண்ணட்டும் என்று பல நிறத்தில் மணி கோத்த மாலை. அது பெரிதாக எடுபடவில்லை. மாலையைக் கழுத்தில் போட்டிருந்தாலே போதும் என்று நினைத்தவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சிரிக்கிறோம், ஆனால் ஆப்பைப் போனில் இறக்கி வைத்துவிட்டு வெப்பமே அளக்காமல் இருப்பதும் அதேதான். அரசாங்கத்தில் முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்களின் சுழற்சி ஒழுங்காக வருமா, புருஷன் ஒத்துக்கொள்வானா என்று யோசித்தார்களா என்பதே என் கேள்வி.

மாலை திரும்பியும் வந்தது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 32 மணியில் ஒன்றைச் செய்தது, 8 முதல் 19-ஆம் நாள் வரை வெள்ளை மணி, அந்த நாட்களில் விலகி இருக்க வேண்டும். 26 முதல் 32 நாளுக்குள் சுழற்சி வருபவர்களுக்கு மட்டுமே அது. சரியாகச் செய்தால் நூற்றில் 5 பேர், நடைமுறையில் 12 பேர் கர்ப்பமாகிறார்கள். ஜார்க்கண்டில் மாலா சக்ரா என்ற பெயரில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

*குழந்தைக்கு 8 மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன், சத்துமாவுக் கஞ்சியும் கொடுக்கிறேன். இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை. பால் கொடுக்கும்வரை பயமில்லை என்கிறார் மாமியார்.*
*— வாசகி, விழுப்புரம்*

மாமியார் சொல்வதில் பாதி சரி. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடித்து, உங்களுக்கு உதிரமும் வராமல் இருந்தால், இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் நூற்றில் 98 பேருக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு போய்விட்டது. முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வந்துவிடும் என்பதால் "குளித்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று உட்காரக் கூடாது. தேதி இல்லை, ராத்திரித் தூக்கம் இல்லை, வெப்பம் அளப்பதும் வீண். இந்த வாரமே ஆணுறையோ காப்பர்-டியோ முடிவு செய்யுங்கள்.

*ஆப் சிவப்பு காட்டினால் என் கணவர் கோபப்படுகிறார். "போன் சொல்லித்தான் நான் பொண்டாட்டியைத் தொடணுமா" என்கிறார். ஆணுறையும் பிடிக்காது. "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார்.*
*— பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்*

"நான் பார்த்துக்கிறேன்" என்பது வெளியே எடுத்துவிடுவதுதானே? வருடத்துக்கு நூற்றில் 20 பேர் அப்படிப் பார்த்துக்கொண்டுதான் கர்ப்பமாகிறார்கள், அதுவும் நீங்கள் சொல்வது சிவப்பு நாளில். இந்த முறை இரண்டு பேர் சேர்ந்து செய்வது அம்மா. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் ஒருவர் சொன்னால் இன்னொருவர் கேட்க வேண்டும். வீட்டில் உங்கள் "வேண்டாம்" எடுபடாது என்றால், காலையில் எவ்வளவு துல்லியமாக வெப்பம் அளந்தாலும் பலனில்லை, தப்பு உங்கள் கணக்கில் இல்லை. அவர் தயவு தேவைப்படாத முறைக்கு மாறுங்கள். காப்பர்-டி போட உங்கள் சம்மதம் போதும். போகும்போது, கட்டாயப்படுத்துவது வேறு மாதிரியும் நடக்கிறதா என்பதை அந்த டாக்டரிடமோ நர்ஸிடமோ மனம்விட்டுச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

*ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'சாயா' என்று ஒரு மாத்திரை தருகிறார்களே, அதில் ஹார்மோன் இல்லையாமே?*
*— வாசகி, அறந்தாங்கி*

ஆமாம், ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, கடையில் சகேலி என்ற பெயரில் முன்பே வந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம். சிலருக்குப் பீரியட்ஸ் தள்ளிப்போகும், அதனால் இதைப் போட்டுக்கொண்டே தேதியும் எண்ணிக் குழம்பாதீர்கள். பிசிஓடி, சமீபத்தில் மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

*வயது 46. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. இனி எதுவும் தேவையில்லைதானே?*
*— வாசகி, காரைக்குடி*

தேவை. 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி பீரியட்ஸிலிருந்து இரண்டு வருடம், 50-க்குப் பின் என்றால் ஒரு வருடம். நாள் பார்க்கும் முறை இந்த வயதில் காலை வாரிவிடும்.

*ஆறு மாதமாக வெப்பம் அளந்து ஒழுங்காகத்தான் இருந்தோம். இந்த முறை நாள் தள்ளி ஒரு வாரம் ஆகிவிட்டது. கை கால் ஓடவில்லை.*
*— வாசகி, கோவை*

உங்கள் வெப்பக் குறிப்பையே எடுத்துப் பாருங்கள். ஏறிய வெப்பம் 18 நாளுக்கு மேல் இறங்காமலே நின்றால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பம் ஏறவே இல்லை என்றால் முட்டை வருவதுதான் தள்ளிப்போயிருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் அதுவரை சிவப்பு நாள்தான். எதுவானாலும் மெடிக்கலில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் காலை முதல் சிறுநீரைச் சோதியுங்கள், இல்லை என்று வந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இருக்கிறது என்று வந்து, உங்களுக்கு வேண்டாம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கருத்தடை முறை தவறிப்போனது ஒரு காரணமாகவே சட்டத்தில் உண்டு, 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற டாக்டரின் கருத்துப் போதும், 18 வயது தாண்டிய பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. கையெழுத்துக் கேட்டால் எந்த விதி என்று நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள். கடையில் தெரிந்தவர் மூலமாக மாத்திரை வாங்கி வீட்டில் போட்டுவிடாதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பக்கமாக அடிவயிறு கடுமையாக வலித்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.